வசியத் தகடு: கார்ட்டூனில் ரோபோவைப் பிடிக்கும் கருவியும் அதை மேடையில் செய்யும் முறையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஆண்டு விழா நாடகத்துக்கு ரோபோ செய்கிற பிள்ளைகளும் அவர்களுக்கு உதவுகிற ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள் இவை. முதல் மூன்றும் கார்ட்டூனைப் பற்றியவை. மற்றதெல்லாம் ஒயர், காந்தம், பேட்டரி சமாச்சாரம்.

வசியத் தகடுன்னா என்னங்க? எந்தக் கார்ட்டூன்ல வருது?

1984-இல் தொடங்கிய டிரான்ஸ்பார்மர்ஸ் கார்ட்டூன் தொடரில் வரும் ‘டாமினேட்டர் டிஸ்க்’ தான் அது. மாந்திரீகத்துக்கும் தகடுதான், இதுவும் தகடுதான் என்பதால் இங்கே வசியத் தகடு என்று சொல்கிறோம். 1985-இல் வந்த ‘தி கோர்’ என்ற பகுதியில் இது வருகிறது. வண்டியாக மாறும் ரோபோக்களில் வில்லன் கூட்டமான டிசெப்டிகான்கள் பூமியின் மையம் வரை துளை போடப் பார்க்கிறார்கள். அவர்கள் பக்கம் கன்ஸ்ட்ரக்டிகான்கள் என்று ஆறு பேர்: ஒருவன் பொக்லைன், ஒருவன் புல்டோசர், ஒருவன் கிரேன், ஒருவன் டிப்பர், ஒருவன் சிமெண்ட் கலவை லாரி, ஒருவன் லோடர். ஆறு பேரும் சேர்ந்தால் டெவஸ்டேட்டர் என்ற ஒரே ராட்சசன். அவனை அடித்து வீழ்த்த முடியாத ஆட்டோபாட்கள் (நல்ல ரோபோக்கள்), ஆறு பேர் மேலும் தகட்டை மாட்டி அவனையே தங்கள் பக்கம் திருப்புகிறார்கள்.

வசியம் பண்ணுவது இங்கே நல்லவர்கள். நாடகம் எழுதும்போது இதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். வில்லன்தான் தகடு வைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

செரிப்ரோ ஷெல்லும் இதுவும் ஒண்ணுங்களா?

இல்லை. செரிப்ரோ ஷெல் என்பது பாம்ஷெல் என்ற இன்செக்டிகானின் (பூச்சியாக மாறும் வில்லன் ரோபோ) ஆயுதம். தலைக்குள் செலுத்துவது. ரோபோ, மனிதன் இரண்டு பேர் மேலும் வேலை செய்யும். டாமினேட்டர் டிஸ்க்கை ‘தி கோர்’ பகுதியில் ரோபோக்கள் மேல்தான் மாட்டுகிறார்கள். ‘அட்டாக் ஆஃப் தி ஆட்டோபாட்ஸ்’ பகுதியில் மூன்றாவதாக ஒரு வழி வருகிறது: ஆட்டோபாட்கள் சக்தி ஏற்றிக்கொள்ளும் அறையையே டிசெப்டிகான்களின் தலைவன் மெகாட்ரான் கெடுத்து வைக்கிறான். உள்ளே போனவர்கள் குணம் மாறி வெளியே வருகிறார்கள்.

மேடைக்கு இதில் தகடுதான் சரி. ஷெல் உள்ளே போய்விடும், கடைசி வரிசைக்குத் தெரியாது. அறை செட்டு போட இடம் தின்னும். தகட்டை ஒரு பிள்ளை கையில் தூக்கிக் காட்டி, நடந்து போய், ‘டப்’பென்று ஒட்டலாம்.

கடைசியில டெவஸ்டேட்டருக்கு ஏனுங்க வெறி புடிச்சுது?

மெகாட்ரான் சும்மா விடுவதில்லை. அவன் பக்கத்திலிருந்தும் சிக்னல் போகிறது. ஒரே மண்டைக்குள் இரண்டு எசமானர்கள் புகுந்ததும் டெவஸ்டேட்டர் இருவருக்கும் அடங்காமல் கண்டபடி அடிக்கத் தொடங்குகிறான்.

கதைக்காக எழுதியதுதான், ஆனால் பொறியியல் கணக்கிலும் இது சரி. ஒரு ரோபோவைப் பிடிப்பது சுலபம். இரண்டு இடத்திலிருந்து உத்தரவு வரும்போது யார் பேச்சைக் கேட்பது, எப்போது விடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் நீங்கள் சன்போர்டில் (லேசான பிளாஸ்டிக் அட்டை) செய்யும் ரோபோவுக்கும் டெவஸ்டேட்டர் கதிதான். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

மேடையில செய்ய என்னென்ன வாங்கோணும்?

ரோபோவுக்கு: ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றும் போர்டு, ரோபோவின் மூளை) 1, எல்298என் மோட்டார் டிரைவர் (மோட்டாரை ஓட்டும் போர்டு) 1, சக்கரத்தோடு பிஓ மோட்டார் (மஞ்சள் நிறம்) 2, முன்னால் கேஸ்டர் சக்கரம் 1, எச்சி-05 புளூடூத் மாட்யூல் (போனோடு பேச) 2, தலையை ஆட்ட எஸ்ஜி90 சர்வோ 1, கண்ணுக்கு நீல எல்இடி 2, சிவப்பு எல்இடி 2, எல்இடிக்கு ஒன்றாக 220 ஓம் ரெசிஸ்டர் 4. 18650 செல் (சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி) 2, அதற்கான ஹோல்டர், ஒரு சுவிட்ச், எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைப்பது) 1. 104 என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டர் 2, 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் 1. விடுவிக்க ஒரு சின்ன புஷ் பட்டன்.

தகட்டுக்கு: காந்தம் பட்டால் மூடும் ரீட் சுவிட்ச் 2 (ஒன்று உடையும், உறுதி), 10 மி.மீ. விட்டம் 2 மி.மீ. தடிமன் நியோடிமியம் காந்தம் 4, சிஆர்2032 பட்டன் செல் ஹோல்டரோடு 1, சிவப்பு எல்இடி 1, 220 ஓம் 1.

உடம்புக்கு 5 மி.மீ. சன்போர்டு. உயரம் 40 செ.மீ. தாண்ட வேண்டாம். மொத்த எடை ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும், பேட்டரி அடியில் இருக்கட்டும். தலையில் பேட்டரியை வைத்தால் திரும்பும் ஒவ்வொரு முறையும் ரோபோ வணக்கம் போடும்.

தகட்டை எப்படிச் செய்யறது?

60 மி.மீ. வட்டமாக சன்போர்டில் இரண்டு துண்டு வெட்டுங்கள். கீழ்த் துண்டில் காந்தம் உட்காரக் குழி தோண்டுங்கள். மேல் துண்டில் நடுவே எல்இடி எட்டிப் பார்க்க 5 மி.மீ. துளை. இரண்டுக்கும் நடுவில் பட்டன் செல். எல்இடி சிவப்பாகவே இருக்கட்டும்: சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட் வேண்டும், சிஆர்2032 கொடுப்பதே 3 வோல்ட். நீலம் போட்டால் ஒத்திகையில் எரியும், விழா அன்று மங்கும்.

பார்க்க அசல் உலோகமாக இருக்க வேண்டும் என்றால் பக்கத்து லேத் பட்டறையில் 60 மி.மீ. அலுமினியம் ராடில் 4 மி.மீ. தடிமனுக்கு ஒரு வில்லை கடைந்து வாங்கலாம். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் இதற்கு அலைய வேண்டியதில்லை. அலுமினியம் காந்தப் புலத்தைத் தடுக்காது, எனவே சென்சார் வேலை செய்யும். எடை சுமார் 30 கிராம் வரும். சன்போர்டு தகடு அதைவிட லேசு. கனம் கூடும்போது தகடு நேராகப் பிய்ந்து விழாது, மெல்ல வழுக்கி இறங்கும். அதற்கு மூன்று காந்தத்தை முக்கோணமாக வையுங்கள். ரோபோ நெற்றியில் தகட்டின் கீழ் விளிம்பு உட்கார 2 மி.மீ. உயரத்துக்கு ஒரு திண்டு ஒட்டிவிடுங்கள்.

காந்தம் ஒட்டிக்கொள்ள நெற்றிக்குள் மூன்று இரும்பு வாஷர் போதும். நெற்றி முழுவதும் எண்ணெய் டின் தகரத்தை வெட்டி ஒட்டுகிறார்கள் சிலர். நன்றாக ஒட்டும், ஆனால் தகரம் காந்தப் புலத்தைத் தன் வழியாகவே திருப்பிக்கொள்ளும். பின்னால் இருக்கும் ரீட் சுவிட்சுக்கு ஒன்றும் எட்டாது. ‘எல்லாம் சரியா இருக்குங்க, சென்சார் மட்டும் செத்துப் போச்சு’ என்று வருகிற புகாரில் பெரும்பாலும் இந்தத் தகரம்தான் குற்றவாளி.

தகடு வெச்சதை ரோபோ எப்படித் தெரிஞ்சுக்கும்?

நான்காவது காந்தம் அதற்குத்தான். நெற்றிக்குப் பின்னால் ரீட் சுவிட்ச். அது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே இரண்டு இரும்பு நாக்குகள் தொடாமல் நிற்கும். காந்தம் அருகே வந்தால் ஒன்றோடொன்று ஒட்டி இணைப்பு கிடைக்கும். ஒரு கால் ஊனோவின் 4-ஆம் பின்னுக்கு, மறு கால் கிரவுண்டுக்கு. புரோகிராமில் அந்தப் பின்னை ‘இன்புட் புல்அப்’ என்று வையுங்கள். தனியாக ரெசிஸ்டர் வேண்டாம். தகடு இல்லாதபோது ‘ஹை’, வைத்ததும் ‘லோ’.

பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இரண்டு. முதலாவது, காலை வளைப்பது. கண்ணாடியை ஒட்டினாற்போல வளைத்தால் குழாய் கீறல் விடும். கண்ணுக்குத் தெரியாத கீறல், இரண்டு நாளில் சுவிட்ச் நின்றுவிடும். கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவில் மூக்குக் குறடால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குறடுக்கு வெளியே உள்ள பகுதியை மட்டும் விரலால் வளையுங்கள்.

இரண்டாவது, காந்தம் இருக்கும் இடம். வில்லைக் காந்தத்தின் முகம் குழாயின் நட்ட நடுவை நேராகப் பார்த்தால் சுவிட்ச் மூடாது. இரண்டு நாக்கும் ஒரே மாதிரி காந்தமாகி ஒன்றையொன்று இழுக்காமல் நிற்கும். கொஞ்சம் தள்ளி, குழாயின் ஒரு முனைப் பக்கம் கொண்டுபோனால் ‘டிக்’கென்று மிக மெல்லிய சத்தம் கேட்கும், காதருகே வைத்துக் கேளுங்கள். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு நான்காவது காந்தத்தை அங்கே வருமாறு தகட்டில் ஒட்டுங்கள். இதனால் தகட்டை ஒரே கோணத்தில்தான் வைக்க முடியும். ஆகவே தகட்டின் மேல் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள், அலங்காரமாகவும் இருக்கும்.

ரீட் சுவிட்சுக்குப் பதில் காந்தத்தை உணரும் ஏ3144 ஹால் சென்சாரும் போடலாம். உடையாது. ஆனால் எழுத்து உள்ள முகத்துக்குக் காந்தத்தின் தென்முனைதான் வர வேண்டும். காந்தத்தைத் திருப்பி ஒட்டிவிட்டால் எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனாலும் கேட்காது.

ரெண்டு போன், ஒரே ரோபோ. எப்படிங்க சேர்த்தறது?

நாயகனுக்கு ஒரு போன், வில்லனுக்கு ஒரு போன். ஓர் எச்சி-05 ஒரு நேரத்தில் ஒரு போனோடு மட்டும் பேசும். அதனால்தான் இரண்டு வாங்கச் சொன்னோம். நாயகன் பக்க மாட்யூலின் டிஎக்ஸ் காலை (அனுப்பும் கால்) ஊனோவின் 2-ஆம் பின்னுக்கும், வில்லன் பக்க மாட்யூலின் டிஎக்ஸ் காலை 7-ஆம் பின்னுக்கும் கொடுங்கள். 3, 8 பின்களை சாஃப்ட்வேர்சீரியலின் (புளூடூத்தோடு பேச உதவும் புரோகிராம் லைப்ரரி) மறுபாதிக்கு, அதாவது அனுப்பும் பக்கத்துக்கு, எழுதிவைத்துவிட்டு ஒயர் போடாமல் விடலாம். ரோபோ உத்தரவு வாங்கினால் போதும், திருப்பிப் பேச வேண்டியதில்லை. இதில் ஒரு லாபம்: எச்சி-05-இன் ஆர்எக்ஸ் கால் (வாங்கும் கால்) 3.3 வோல்ட் கணக்கு. ஊனோ 5 வோல்ட் அனுப்பும். ஒயரே இல்லை என்றால் அந்தக் கவலையும் இல்லை. மாட்யூலின் பெயர் மாற்றும் வேலைக்கு (கீழே வரும்) மட்டும் 1 கே, 2 கே ரெசிஸ்டர் போட்டு மின்னழுத்தத்தைக் குறைத்து இணைத்துக்கொள்ளுங்கள்.

0, 1 பின்களில் புளூடூத்தை மாட்டாதீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து புரோகிராம் ஏறும் வழியும் அதுதான். மாட்டினால் ஏறாது.

சாஃப்ட்வேர்சீரியலுக்கு ஒரு குறை உண்டு. இரண்டு போர்ட் வைத்திருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் காது கொடுக்கும். ‘லிசன்’ என்று எதைச் சொல்கிறோமோ அது மட்டும் கேட்கும். மற்றதில் வருவது தொலைந்து போகும். வேறு வேலைக்கு இது தலைவலி. நமக்கோ வசியமே இதுதான்: தகடு ஒட்டியதும் வில்லன் போர்ட்டுக்கு ‘லிசன்’ சொல்லிவிட்டால், நாயகன் என்ன அழுத்தினாலும் ரோபோ காதில் விழாது. நாயகன் போனில் இணைப்பு அறுபடுவதும் இல்லை. விடுவித்த அடுத்த நொடியே பழைய எசமான் பேச்சைக் கேட்கும்.

மற்ற பின்கள்: மோட்டார் வேகத்துக்கு 5, 6. திசைக்கு 9, 10, 11, 12. சர்வோ ஏ1. நீலக் கண் ஏ2, சிவப்புக் கண் ஏ3. விடுவிக்கும் பட்டன் ஏ4. ஏ0-வைக் காலியாக விடுங்கள், பிறகு வேலை இருக்கிறது. சர்வோ லைப்ரரியைச் சேர்த்தால் 9, 10-இல் வேகக் கட்டுப்பாடு போய்விடும். அதனால்தான் வேகத்தை 5, 6-இல் வைத்தோம். வேகத்தை 9, 10-இல் வைத்துவிட்டு ‘தலையாட்டல் சேர்த்ததும் சக்கரம் ஒழுங்கா ஓடலை’ என்று தேடுகிறவர்கள் நிறைய.

தகடு வைக்கறதுக்கு முன்னாலயே வில்லன் பேச்சைக் கேக்குதுங்க!

போர்ட்டைத் தொடங்கும் ‘பிகின்’ கட்டளையை எந்த வரிசையில் சொன்னீர்கள் என்று பாருங்கள். கடைசியாகத் தொடங்கிய போர்ட்டுதான் காது திறந்திருக்கும். தொடக்கப் பகுதியின் கடைசி வரியாக நாயகன் போர்ட்டுக்கு ‘லிசன்’ எழுதுங்கள்.

அதுவும் இருக்கிறது என்றால் ரீட் சுவிட்சுக்கு அருகில் வேறு காந்தம் இருக்கிறதா பாருங்கள். மோட்டாருக்குள்ளும் ஸ்பீக்கருக்குள்ளும் காந்தம் உண்டு.

புரோகிராம்ல என்னென்ன நிலை இருக்கோணும்?

நான்கு: சுயநிலை, வசியம், மோதல், மயக்கம். ஒரு எண்ணில் எந்த நிலை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். ‘டிலே’ போட்டு நிறுத்தி வைத்தால் அந்த நேரத்தில் ரோபோ செவிடு. ஓடும் நேரத்தைச் சொல்லும் ‘மில்லிஸ்’ வைத்து நேரம் பாருங்கள்.

சுயநிலையில் கண் நீலம். தகடு பட்டதும் உடனே நம்பாதீர்கள். ரீட் சுவிட்சின் நாக்கு மூடும்போது சில முறை துள்ளும். 50 மில்லி விநாடி தொடர்ந்து ‘லோ’ இருந்தால்தான் தகடு ஒட்டியது என்று கணக்கு. ஒட்டியதும் முதல் வேலை இரண்டு சக்கரத்தையும் நிறுத்துவது. இதை விட்டுவிட்டால், நாயகன் கடைசியாகச் சொன்ன ‘முன்னே போ’ அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், தகடு ஒட்டிய பிள்ளை மேலேயே ரோபோ ஏறும். பிறகு தலை மூன்று முறை வெட்டி வெட்டி ஆடட்டும், கண் நீலத்துக்கும் சிவப்புக்கும் மாறி மாறி இரண்டு விநாடி சிமிட்டட்டும், கடைசியில் சிவப்பில் நிற்கட்டும். அதன் பிறகே வில்லன் போர்ட்டுக்கு ‘லிசன்’. இந்த இரண்டு விநாடி அசையாமைதான் காட்சி. சபை அமைதியாவது அப்போதுதான். பிள்ளைகள் அவசரப்பட்டு இதைக் குறைக்கச் சொல்வார்கள், குறைக்காதீர்கள்.

வசனத்துக்கு நடுவுல தகடு விழுந்துட்டா?

தகடு இருக்கும்வரை வசியம், எடுத்தால் விடுதலை என்று நேரடியாக எழுதினால், ரோபோ ஒரு மேட்டில் ஏறிக் குலுங்கும்போது அரை நொடி விலகினாலும் வில்லன் தோற்றுவிடுவான். அதனால், பிடித்தால் பிடித்ததுதான் என்று பூட்டி வையுங்கள். தகடு 2 விநாடி முழுதாக விலகியிருந்தால் மட்டும் விடுதலை. முற்றிலும் விழுந்தே போய்விட்டால்? அதற்கு ஒரு வழி: வில்லன் போனிலிருந்து ‘கே’ என்ற எழுத்து வந்திருந்தால் தகடு விலகுவதைக் கண்டுகொள்ளாதே என்று புரோகிராமில் ஒரு கொடி (ஆம்/இல்லை குறிப்பு). பக்கவாட்டில் நிற்கும் ஆசிரியர் அதை அழுத்திவிட்டால் காட்சி தப்பும்.

முதுகில் உள்ள பட்டன் எந்த நிலையிலும் எல்லாவற்றையும் நிறுத்தி சுயநிலைக்குக் கொண்டுவர வேண்டும். எசமானர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அந்தப் பட்டனுக்கு மேல் யாரும் இல்லை.

ரெண்டு சிக்னல் மோதற காட்சி வேணுமுங்க. நெசமாவே ரெண்டையும் கேக்க வெக்கலாமுங்களா?

வைக்க வேண்டாம். 300 மில்லி விநாடிக்கு ஒருமுறை ‘லிசன்’ மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் மாறும்போதெல்லாம் பாதி எழுத்துகள் தொலையும். பார்ப்பவர்களுக்கு அது வெறியாகத் தெரியாது, ரிப்பேராகத் தெரியும். மோதலை நடித்துக் காட்டுவதே நல்லது.

ஏ0 காலியாக இருக்கிறதே, அதிலிருந்து வரும் இரைச்சலை வைத்து ‘ரேண்டம் சீட்’ போடுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் ஆடும். மோதல் நிலையில் 250 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு திசையும் 150 முதல் 220 வரை ஒரு வேகமும் (255 என்றால் முழு வேகம்) தேர்ந்தெடுக்கட்டும். திசை என்றால் இடம் சுற்றல், வலம் சுற்றல் மட்டும். முன்னே, பின்னே வேண்டாம். நின்ற இடத்தில் சுழன்றால் போதுமான வெறி தெரியும், மேடை விளிம்புக்கும் போகாது. இரண்டு கண்ணும் ஒழுங்கில்லாமல் எரியட்டும். 4 விநாடி கழித்து மயக்கம்: சக்கரம் நின்று, தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் அணைந்து நிற்க வேண்டும்.

மோதலைத் தொடங்கும் எழுத்து எந்தப் போனிலிருந்து வர வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கதைப்படி நாயகன்தான் போராடுகிறான், ஆனால் அவன் போர்ட்டுக்கு அந்த நேரத்தில் காது இல்லை. எனவே அந்தப் பொத்தான் வில்லன் போனில் இருக்க வேண்டும். மேடையில் நாயகன் கையை நீட்டும்போது உள்ளே இருப்பவர் அழுத்துவார்.

மோட்டார் ஓடின ஒடனே ரோபோ ஆஃப் ஆகி ஆன் ஆகுது. ஏனுங்?

மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னோட்டம் எகிறும், பேட்டரி அழுத்தம் சரியும். எல்298என் போர்டில் உள்ள 5 வோல்ட் காலிலிருந்தே ஊனோ, இரண்டு புளூடூத், சர்வோ எல்லாவற்றுக்கும் எடுத்தால் அது தாங்காது. ஊனோ ரீசெட் ஆகும். கூடவே நிலையும் மறந்து நீலக் கண்ணோடு எழுந்து நிற்கும்.

பேட்டரியிலிருந்து இரண்டு கிளை எடுங்கள். ஒன்று எல்298என்-க்கு. மற்றொன்று பக் கன்வெர்ட்டருக்கு. மல்டிமீட்டர் வைத்துத் திருகைத் திருப்பி 5.0 வோல்ட் வந்த பிறகே ஊனோவின் 5 வோல்ட் காலில் கொடுங்கள், முன்னால் மாட்டிவிட்டுத் திருகாதீர்கள். சர்வோவுக்கும் அங்கிருந்தே. 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை அந்த 5 வோல்ட் வழியில் போடுங்கள், மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று பார்த்து. ஒவ்வொரு மோட்டாரின் இரண்டு காலுக்கும் குறுக்கே 104 ஒன்று. எல்லாக் கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். யுஎஸ்பி கேபிள் மாட்டும்போது பேட்டரி சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

எல்298என் தன் பங்குக்கு சுமார் 2 வோல்ட் தின்னும். 7.4 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்கு 5.4 கிடைக்கும், பிஓ மோட்டாருக்கு அது போதும். புதிதாகச் சார்ஜ் செய்த செல் சேர்ந்து 8.4 வரும், ஆகவே வேகத்தை 220-க்கு மேல் விடாதீர்கள்.

பவர் பேங்க் வைத்து ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ரோபோ சும்மா நிற்கும் காட்சியில் குறைந்த மின்னோட்டம் என்று அது தானாக அணைந்துவிடும். வேண்டாம்.

தலை சும்மா இருக்கறப்பவும் நடுங்கிக்கிட்டே இருக்குங்க.

சாஃப்ட்வேர்சீரியல் ஓர் எழுத்தை வாங்கும்போது மற்ற வேலைகளை நிறுத்தி வைக்கும். 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1 மில்லி விநாடி. அந்த இடைவெளியில் சர்வோவுக்குப் போகும் துடிப்பு தப்புகிறது. தலை ஆடி முடிந்ததும் சர்வோவுக்கு ‘டிடாச்’ (துடிப்பை நிறுத்து) சொல்லுங்கள். ஆட வேண்டியபோது ‘அட்டாச்’. வசிய நேரத்து நடுக்கம் பொருத்தமாக இருக்கிறது என்று விட்டுவைப்பதும் உண்டு, அது உங்கள் ரசனை.

ஐபோன்ல ஓடுமுங்களா?

எச்சி-05-ஓடு ஓடாது. ஆண்ட்ராய்டு போன் இரண்டு வையுங்கள். புது ஆண்ட்ராய்டில் செயலிக்கு ‘அருகிலுள்ள சாதனங்கள்’ அனுமதி கொடுக்க வேண்டும், பழையதில் லொகேஷனை ஆன் செய்ய வேண்டும்.

பட்டனை விட்டாலும் ரோபோ நிக்காம மேடையை விட்டு ஓடுது.

பல செயலிகள் அழுத்தும்போது ‘எஃப்’ (முன்னே போ) ஒருமுறை, விடும்போது ‘எஸ்’ (நில்) ஒருமுறை அனுப்பும். அந்த ஒரு ‘எஸ்’ தொலைந்தால் அவ்வளவுதான். அழுத்தியிருக்கும்வரை 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும் செயலியாகத் தேர்ந்தெடுங்கள், அல்லது எம்ஐடி ஆப் இன்வென்டரில் (நாமே செயலி செய்யும் தளம்) டைமர் வைத்துச் செய்துகொள்ளுங்கள். ரோபோ பக்கம், 500 மில்லி விநாடி எந்த எழுத்தும் வராவிட்டால் தானாக நிற்க வேண்டும்.

எச்சி-05-க்குத் திறந்த வெளியில் சுமார் 10 மீட்டர்தான். நடுவில் ஆட்கள் நின்றால் இன்னும் குறையும், உடம்பு சிக்னலை உறிஞ்சும். போன் பிடிப்பவர் சபையில் உட்காரக் கூடாது. பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால், ரோபோவிலிருந்து 5 மீட்டருக்குள், ரோபோவைப் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்க வேண்டும்.

வீட்டுத் தரையில நல்லா ஓடுது, மேடையில திணறுது.

மேடையில் விரித்திருப்பது பவானி ஜமக்காளமா? அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. நெசவு தடிமன், ஓரத்தில் குஞ்சம், நடுவில் மடிப்பு. கேஸ்டர் சக்கரத்தின் சின்ன உருண்டை மடிப்பில் முட்டி நிற்கும், குஞ்ச நூல் மோட்டார் அச்சில் சுற்றிக்கொள்ளும். ரோபோ நடக்கும் வழியில் மட்டும் ஜமக்காளத்தை மடக்கிவிட்டு பிளக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு, நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் கேஸ்டரை எடுத்துவிட்டு வழவழப்பான பிளாஸ்டிக் மூடி ஒன்றைச் சறுக்கலாக வையுங்கள்.

திறந்தவெளி மேடை, ஆடி மாதம் என்றால் காற்றையும் கணக்கில் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு 40 செ.மீ. சன்போர்டு ரோபோ ஒரு காற்றாடி. அடியில் அரை கிலோ எடை வைத்தால் நிற்கும், வேகம் குறையும்.

போட்டி அரங்கத்துல எங்க போன் வேற ரோபோவோட சேர்ந்துக்குச்சு.

கடையிலிருந்து வரும் எல்லா எச்சி-05-க்கும் பெயர் ஒன்று, பின் நம்பர் பெரும்பாலும் 1234. ஒரே அரங்கில் இருபது ரோபோ இருந்தால் யாருடையது யாருக்குக் கிடைக்கும் என்பது சீட்டுக் குலுக்கல். தகடே இல்லாத வசியம் இது.

மாட்யூலின் சின்னப் பட்டனை அழுத்தியபடியே மின்சாரம் கொடுங்கள். விளக்கு 2 விநாடிக்கு ஒருமுறை மெதுவாகச் சிமிட்டினால் அமைப்பை மாற்றும் ஏடி நிலைக்கு வந்துவிட்டது. அதில் வேகம் 38400. பெயரையும் பின் நம்பரையும் ஏடி கட்டளையால் மாற்றுங்கள். நாயகன், வில்லன் என்றே பெயர் வைத்தால் விழா அவசரத்தில் மாறிப் போகாது. பின் நம்பர் மாற்றக் கட்டளை ஏற்கவில்லை என்றால் எண்ணுக்கு இருபுறமும் இரட்டை மேற்கோள் குறி போட்டுப் பாருங்கள், சில மாட்யூல்கள் அப்படித்தான் கேட்கும். இணைப்பு இல்லாதபோது விளக்கு வேகமாகச் சிமிட்டும், இணைந்ததும் இரண்டிரண்டாக விட்டு விட்டுச் சிமிட்டும்.

நெச ரோபோவை இப்படிப் பிடிக்க முடியுமுங்களா?

தகடு ஒட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் கடவுச்சொல் இல்லாமல், எசமான் யார் என்று கேட்காமல் உத்தரவு வாங்கும் எந்த ரோபோவையும் பிடிக்கலாம். ஆராய்ச்சிக் கூடங்களில் பரவலான ஆர்ஓஎஸ் என்ற ரோபோ மென்பொருளின் முதல் தலைமுறையில், அதே நெட்வொர்க்கில் இருப்பவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது. இரண்டாம் தலைமுறையில் அதற்கு வழி செய்தார்கள், ஆனால் அதை நாமாக இயக்கிவைக்க வேண்டும். அடுத்தவர் ரோபோவை அனுமதியில்லாமல் பிடித்துப் பார்ப்பது விளையாட்டில் சேராது, சட்டப்படியும் குற்றம்.

சின்னப் பசங்க நடிக்கறாங்க. பயமொண்ணும் இல்லீங்களே?

மோட்டாரோ சர்வோவோ பயமில்லை. பயப்பட வேண்டியது இரண்டு: காந்தமும் பட்டன் செல்லும். காந்தத்தை இரண்டு விழுங்கினால் வயிற்றுக்குள் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். பட்டன் செல் உணவுக்குழாயில் நின்றால் சில மணி நேரத்தில் புண்ணாக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தகட்டின் இரண்டு துண்டையும் எபாக்சி போட்டு ஒட்டி, ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். குளூ கன் பசை மட்டும் போதாது, வெயிலில் காரில் வைத்தால் இளகும். செல்லை மாற்ற வேண்டுமே என்று திறக்கும் மூடி ஒன்று வைப்பதை விட, முழுதாக மூடி ஒட்டிவிட்டு இன்னொரு தகடு செய்து வைத்துக்கொள்வது மேல். 220 ஓம் இருந்தால் ஒரு செல் ஒத்திகைக்கும் விழாவுக்கும் தாங்கும், எல்இடிக்கு ஒரு சின்ன சுவிட்ச் மட்டும் வெளியே தெரியட்டும்.

18650 செல்லைப் பையில் சாவியோடு போடக் கூடாது. அதற்கான சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

மொத ஒத்திகையில எதைப் பார்க்கோணும்?

ரோபோவை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்து, சக்கரம் தரையில் படாமல், தகட்டை இருபது முறை ஒட்டி எடுங்கள். இருபதில் ஒன்று தப்பினாலும் நான்காவது காந்தத்தை நகர்த்துங்கள், புரோகிராமில் கை வைக்காதீர்கள். பிறகு வசிய நிலையில் நாயகன் போனில் எல்லாப் பொத்தானையும் அழுத்துங்கள், எதுவும் அசையக் கூடாது. கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே வில்லன் போனின் புளூடூத்தை அணையுங்கள். அரை விநாடியில் சக்கரம் நின்றால் தரையில் இறக்கலாம்.